சேரி, காலனி, சமத்துவபுரம்: திண்டிவனம் வட்டாரத்து அரசு வீட்டுவசதியும் குடியிருப்போர் உளநலமும்

2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 29-ஆம் நாள், ‘காலனி’ என்னும் சொல் அரசு ஆவணங்களினின்றும் பொதுப் புழக்கத்தினின்றும் நீக்கப்பெறும் எனத் தமிழ்நாட்டு முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். அச்சொல் தீண்டாமையின் குறியீடாகவும் வசைமொழியாகவும் மாறிவிட்டமையே அதற்குக் காட்டப்பெற்ற காரணமாகும். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னர், அரசினர் கட்டுவித்த புதிய வீட்டு வரிசைகளுக்கு இதே சொல்தான் மதிப்புள்ள பெயராக வழங்கிற்று. மதிப்பாக வந்த பெயர் ஒரு தலைமுறைக்குள் இழிவாகத் திரிந்தது எங்ஙனம்? அத்திரிபு, அவ்வீடுகளில் வாழ்ந்தோர் உள்ளத்தைப் பற்றி நமக்கு எதனை உணர்த்துகின்றது? இவ்விரு வினாக்களையும் திண்டிவனம் வட்டாரத்தை நிலைக்களனாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திண்டிவனம் வட்டாரம் என ஈண்டுக் குறிக்கப்படுவது, பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் வடகீழ்ப் பகுதி. 1993-இல் அம்மாவட்டம் பிரிக்கப்பட்டபின் விழுப்புரம் மாவட்டத்தில் அடங்கிய திண்டிவனம், வானூர், மரக்காணம் முதலிய ஊர்களையும் அவற்றின் சுற்றுப்புறங்களையும் இது தழுவும். சென்னை போன்ற பெருநகரில் அரசு வீட்டுவசதி என்றால் அடுக்குமாடிக் குடியிருப்பே நினைவுக்கு வரும். நாட்டுப்புறத்திலோ மனைப்பட்டாவும் தொகுப்பு வீடுமே அதன் வடிவங்கள். வடிவம் வேறாயினும், அரசு ஓர் இடத்தைத் தேர்ந்து அவ்விடத்தில் மக்களை அமர்த்துகின்றது என்பது இரண்டற்கும் பொது.

உளநலம் என்பது அண்மைக்காலக் கலைச்சொல்லே. 1948-இல் நடைமுறைக்கு வந்த உலக நலவாழ்வு நிறுவனத்தின் அமைப்புச் சட்டம், உடல், உளம், சமூக வாழ்வு ஆகிய மூன்றன் நன்னிலையையும் சேர்த்தே நலம் என வரையறுத்தது. ஆயினும் வீட்டிற்கும் மனத்திற்கும் உள்ள தொடர்பு தமிழர்க்குப் புதிதன்று. ‘அகம்’ என்னும் ஒரு சொல்லே வீட்டையும் மனத்தையும் குறித்து வழங்குகின்றது. ‘ஏமம்’ என்பதற்குக் காவல் என்பதும் இன்பம் என்பதும் பொருள்களாம். காவல் உள்ள இடத்தில்தான் இன்பம் உண்டு என்னும் பட்டறிவு அச்சொல்லுக்குள் அடங்கியிருக்கின்றது எனலாம். சொற்பொருளை வைத்து வரலாறு எழுதுவது இடர் மிகுந்த வேலை என்பதனை யாம் அறிவோம். எனினும் குடியிருப்புப் பெயர்களைப் பொறுத்தவரை வேறு சான்றுகள் ஊமையாகிவிடும் இடத்திலும் சொல் பேசுகின்றது.

முதலில் ‘சேரி’யை எடுத்துக்கொள்வோம். பழந்தமிழில் இச்சொல் இழிவுப்பொருள் உடையதன்று. சேர்ந்து வாழும் இடம் என்பதே அதன் பொருள். சிலப்பதிகாரத்தில் ஒரு காதை ‘புறஞ்சேரி இறுத்த காதை’ எனப் பெயர் பெற்றது. அப்புறஞ்சேரி மதுரை மதிலுக்கு வெளியே அறவோர் உறைந்த இடம். திண்டிவனத்திற்கு வடக்கே உள்ள உத்தரமேரூரில் முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை, குடவோலை முறையைக் கூறுவதனால் புகழ்பெற்றவை. அவை குறிக்கும் பன்னிரண்டு சேரிகளும் பிராமணர் ஊரின் உட்பிரிவுகளேயாம். ஆனால் முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகளில் ஊர்நத்தத்தினின்று வேறாக ஈழச்சேரி, கம்மாணசேரி, பறைச்சேரி ஆகியன தனித்தனியே எண்ணப்படுகின்றன. ஆகவே ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே, பொதுப்பொருளில் வழங்கிய அச்சொல்லோடு ஒதுக்கிடம் என்னும் பொருளும் உடன்வாழத் தொடங்கிவிட்டது எனக் கருத இடமுண்டு. பிற்காலத்தில் முற்பொருள் ஊர்ப்பெயர்களில் மட்டும் எஞ்சி நின்றது. இவ்வட்டாரத்தின் அண்மையிலுள்ள புதுச்சேரியின் பெயரைக் கேட்டு யாரும் முகஞ்சுளிப்பதில்லை. அதே ஈறு தனிச்சொல்லாக நின்றால் மட்டும் வேறொலி எழுப்புகின்றது. சொல் கெட்டது ஒலியால் அன்று, அது சுட்டிய இடத்திற்கு உலகம் தந்த மதிப்பால் என்பது இதனால் பெறப்படும்.

அவ்விடத்தில் வாழ்ந்தோரின் உள்ள நிலையை அறிய உதவும் மிகப் பழைய ஆவணங்களுள் ஒன்று, திண்டிவனத்தை அடுத்துள்ள செங்கற்பட்டு மாவட்டத்தைப் பற்றியது. அம்மாவட்ட ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891-இல் பறையர் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். அதன் பயனாக 1892-இல் பிறந்த ஆணையே, பின்னர்ப் ‘பஞ்சமி நிலம்’ என வழங்கிய நிலங்களுக்கு அடிப்படையாயிற்று. நிலத்தைப் பற்றியே பலரும் பேசுவர்; அவ்வறிக்கை மனையைப் பற்றிக் கூறுவதே நம் பொருளுக்கு இன்றியமையாதது. சேரி நிற்கும் நிலமும் தம்முடையதே என மிராசுதார் உரிமை பாராட்டினர். கூலி உயர்த்திக் கேட்டாலோ வேறு வேலைக்குச் சென்றாலோ குடிசையை விட்டே வெளியேற்றலாம் என்னும் அச்சுறுத்தல் உழைப்பாளியின் தலைமேல் தொங்கிற்று. கூரை ஒழுகுவது ஒரு துன்பம். அக்கூரையும் நாளை தனதன்று என்னும் எண்ணம் வேறு வகைத் துன்பம். முன்னதனை ஓலையால் அடைக்கலாம்; பின்னதற்குப் பட்டா ஒன்றே மருந்து.

இதனை உணர்ந்தே 1920-ஐ ஒட்டிச் சென்னை மாகாணத்துத் தொழிலாளர் துறை, மனைகளை விலைக்கு வாங்கி ஒடுக்கப்பட்டோர்க்கு வழங்கும் பணியை மேற்கொண்டது. பெற்றவர்கள் கூட்டுறவுச் சங்கங்கள் வாயிலாகத் தவணையில் அவ்விலையைத் திருப்பிச் செலுத்தினர். தன் குடிசை நின்ற இடத்திற்குத் தானே விலை கொடுத்தாகவேண்டிய நிலை கொடிதே. ஆயினும் அத்தவணையைச் செலுத்தி முடித்தவன் நெஞ்சில் தோன்றிய உறுதியை எந்தக் கணக்கேடும் பதிவு செய்யவில்லை. விடுதலைக்குப் பின்னர் 1961-இல் குடியிருப்பினின்று வெளியேற்றுதலைத் தடுக்கும் சட்டமும், 1971-இல் குடியிருப்பு மனையைக் குடியிருந்த உழவுத் தொழிலாளர்க்கே உரிமையாக்கும் சட்டமும் இயற்றப்பெற்றன. வீட்டுவசதி வரலாற்றை எழுதுவோர் இவ்விரண்டையும் நிலச்சீர்திருத்தம் என்னும் தலைப்பில் தள்ளிவிடுவது வழக்கம். எம் கருத்தில், செங்கல் ஒன்றும் வைக்காத இச்சட்டங்களே அச்சத்தைக் குறைத்த வகையில் தலையாய வீட்டுவசதித் திட்டங்களாகும்.

இதன்பின் வருவது கட்டடக் காலம். 1974-இல் தாட்கோ எனச் சுருக்கமாக வழங்கும் ஆதிதிராவிடர் வீட்டுவசதி மேம்பாட்டுக் கழகம் நிறுவப்பெற்றது. 1978-இல் ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கு நிலம் எடுப்பதற்கெனத் தனிச் சட்டம் வந்தது. 1985 முதல் நடுவண் அரசின் இந்திரா குடியிருப்புத் திட்டம் தொகுப்பு வீடுகளைக் கட்டிற்று. இவ்வாறு தோன்றிய வீட்டு வரிசைகளே மக்கள் வாயில் ‘காலனி வீடு’ என வழங்கின. இலத்தீனத்தில் குடியேற்றத்தைக் குறித்து, ஆங்கிலத்தின் வழியே நம்மிடம் வந்த இச்சொல், நகரங்களில் அரசு அலுவலர் குடியிருப்புக்கும் வங்கி ஊழியர் குடியிருப்புக்கும் பெயராகி இன்றும் குறையின்றி நிற்கின்றது. நாட்டுப்புறத்தில் அது ‘சேரி’யின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

அவ்வீடுகளின் பயனைக் குறைத்து மதிப்பிடுதல் நன்றன்று. ஓலைக்குடிசை எரியும், காரைச்சுவரும் தளமும் எளிதில் எரியா. 1968 டிசம்பர் 25-இல் கீழத்தஞ்சையின் வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து மாண்டதை அறிந்த நாட்டில் இது சிறுசெய்தி ஆகாது. திண்டிவனம் வட்டாரமும் இவ்வச்சத்திற்குப் புறம்பானதன்று. 1978 சூலையில் விழுப்புரம் நகரில் நிகழ்ந்த கலவரத்தில் ஆதிதிராவிடர் 12 பேர் கொல்லப்பட்டனர். 2013 ஏப்ரல் 25-இல் மரக்காணத்தை அடுத்து வீடுகள் தீக்கிரையாயின. நெருப்புக்கு அஞ்சாது உறங்குதல் என்பது உளநலத்தின் முதற்படி. அப்படியைத் தளவீடு ஓரளவு அமைத்துத் தந்தது.

ஆனால் அத்தளவீடு எங்கே நின்றது? எடுக்கப்பட்ட நிலம் பெரும்பாலும் பழஞ்சேரியை ஒட்டியோ, ஊருக்கு இன்னும் அப்பாலோ அமைந்தது. விலை குறைந்த நிலம் அங்கேதான் கிடைத்தது, ஊரார் எதிர்ப்பும் அங்கே குறைவு என அலுவலர் கூறக்கூடும். காரணம் எதுவாயினும், பழைய எல்லைக்கோட்டை அரசின் வரைபடம் புதிதாக வரைந்தது. முன்னர் வழக்கத்தால் நின்ற பிரிவு இப்பொழுது ஆவணத்தால் நின்றது. குடும்ப அட்டையிலும் பள்ளிப் பதிவேட்டிலும் பேருந்து நிறுத்தத்திலும் ‘காலனி’ என்னும் பெயர் எழுதப்பட்டது. பழங்காலத்தில் அயலூர் சென்ற ஒருவன் தன் தெருவைக் கூறாது விடலாம். முகவரி எழுதவேண்டிய காலத்தில் அம்மறைப்பும் இல்லாதொழிந்தது. வேலைக்கு விண்ணப்பம் எழுதும் இளைஞன் ஊர்ப்பெயரோடு நிறுத்திக்கொள்வதா, தெருப்பெயரையும் எழுதுவதா எனத் தயங்கும் அந்த நொடியே, யாம் தேடும் செய்தி. மருத்துவர் அதனை நோய் எனக் குறிக்கமாட்டார். ஆயின் நாள்தோறும் பல முறை வரும் அத்தயக்கம் உள்ளத்தில் படியும் என்பதில் ஐயமில்லை. கூரை மாறியும் இடம் மாறாமையால், புதுப்பெயர் பழம்பெயரின் சுமையை அப்படியே ஏற்றுக்கொண்டது.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். தனித்த குடியிருப்பு அங்குள்ளோர்க்கு ஒரு காவலும் ஆயிற்றே. உறவும் துணையும் ஓரிடத்தில் இருந்தமையால் அல்லவோ கல்வியும் அரசியல் உணர்வும் அங்கே வளர்ந்தன என்பதே அம்மறுப்பு. இதனைப் புறக்கணித்தல் இயலாது. இரவுப்பாடசாலையும் படிப்பகமும் இளைஞர் மன்றமும் காலனிகளிலேயே வேர்கொண்டன. துன்பத்தில் கைகொடுக்கும் அயலார் உளநலத்திற்குப் பெருந்துணை. ஆனால் அத்துணை குடியிருப்போர் தாமே ஆக்கிக்கொண்டது. ஒதுக்கியதன் கொடையாக அதனைக் கணக்கிடுதல் பொருந்தாது.

அயலாரை மாற்றியமைக்க அரசு எண்ணியது 1997-இல்தான். அவ்வாண்டு மு. கருணாநிதி தலைமையிலான அரசு பெரியார் நினைவு சமத்துவபுரம் என்னும் திட்டத்தை வகுத்தது. முதற் சமத்துவபுரம் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் 1998 ஆகத்தில் திறக்கப்பெற்றது. ஒவ்வொரு சமத்துவபுரத்திலும் 100 வீடுகள்: ஆதிதிராவிடர்க்கு 40, பிற்படுத்தப்பட்டோர்க்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோர்க்கு 25, ஏனையோர்க்கு 10. சாதிவாரியாகத் தெரு பிரிக்காமல் வீடுகள் கலந்து ஒதுக்கப்பெற்றன. இரு கட்டங்களில், 2011-க்குள், 200-க்கு மேற்பட்ட சமத்துவபுரங்கள் எழுந்தன. பெயரிலும் புதுமை உண்டு. ‘புரம்’ என்பது விழுப்புரம், காஞ்சிபுரம் என ஊருக்கும் நகருக்கும் வழங்கும் ஈறு. ஒதுக்கிடத்தின் நினைவு அதில் இல்லை.

இவ்வட்டாரத்தில் வானூர் ஒன்றியத்தைச் சேர்ந்த கொழுவாரியில் இத்தகைய ஒரு சமத்துவபுரம் கட்டப்பெற்றது. 2011-இல் ஆட்சி மாறிற்று. 100 வீடுகளும் பத்தாண்டுக்கு மேல் மக்கட் குடியேற்றம் இன்றிக் கிடந்தன. 2022 ஏப்ரல் 5-இல்தான் அவை திறந்து வழங்கப்பெற்றன. வீட்டுவசதிக் கொள்கை உள்ளத்தைத் தாக்கும் வழிகளுள் காத்திருத்தலும் ஒன்று என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது. கட்டப்படாத வீட்டிற்கு ஏங்குவது ஒன்று. எழுந்து நிற்கும் வீட்டைச் சாலையினின்று நாளும் பார்த்துக்கொண்டே குடிசைக்குத் திரும்புவது மற்றொன்று. அப்பத்தாண்டில் பள்ளிப்பருவத்தைக் கடந்துவிட்ட பிள்ளைகளுக்கு, அவ்வீட்டின் திண்ணையில் அமர்ந்து படிக்கும் வாய்ப்பு இனி வாராது.

பங்கீட்டு முறையால் அயலாரை அமைக்கும் முயற்சி தமிழ்நாட்டிற்கே உரியதன்று. தமிழர் கணிசமாக வாழும் சிங்கப்பூரில், 1960-இல் தோன்றிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், 1989 முதல் ஒவ்வோர் அடுக்ககத்திலும் வட்டாரத்திலும் சீனர், மலாயர், இந்தியர் ஆகியோர் எண்ணிக்கைக்கு மேல்வரம்பு விதித்தது. இந்தியர்க்கும் பிறர்க்கும் உரிய வரம்பு 2010-இல் சற்று உயர்த்தப்பெற்றது. அங்கே இனக் குடியிருப்புகள் மீண்டும் திரளாமல் இம்முறை தடுத்தது. அதே வேளையில், வரம்பு நிரம்பிய அடுக்ககத்தில் சிறுபான்மையோர் தம் வீட்டை விற்க முயலும்போது வாங்குவோர் குறைந்து இடர்ப்படவும் நேர்ந்தது. நாட்டின் மிகப் பெரும்பாலோர் கழக வீடுகளிலேயே வாழ்தலின் சிங்கப்பூரில் இது பொதுவிதி ஆயிற்று. நம் சமத்துவபுரமோ ஒன்றியத்திற்கு ஒன்றேனும் உண்டோ இல்லையோ என்னும் அளவிற் சிறு தீவு. அதன் எல்லையைக் கடந்து நூறு முழம் நடந்தால் பழைய ஊரும் பழைய காலனியும் இருந்தபடியே இருக்கின்றன.

இடம் மாறுவதனால் மனம் மாறுமா என்பதனை அமெரிக்க நாட்டில் அளந்தே பார்த்தனர். 1994-இல் தொடங்கிய ஓர் ஆய்வில், ஐந்து பெருநகரங்களில் அரசு குடியிருப்புகளில் வாழ்ந்த ஏறத்தாழ 4,600 வறிய குடும்பங்கள் சீட்டுக்குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டன. ஒரு சாரார்க்கு வறுமை குறைந்த பகுதிக்குக் குடிபெயர வாடகை உதவி கிடைத்தது. பத்தாண்டுக்கு மேல் கழிந்தபின் நோக்கியபோது, பெயர்ந்த பெரியோரின் வருவாய் உயரவில்லை. ஆயினும் மனச்சோர்வு குறைந்து மனநிறைவு மிகுந்திருந்தது. பெண்பிள்ளைகள் உளநலம் பெற்றனர். ஆண்பிள்ளைகள் அங்ஙனம் பெறவில்லை என்பது ஆய்வாளரையே திகைக்க வைத்த முடிவு. பணம் மாறாமல் இடம் மட்டும் மாறியபோதும் உள்ளம் மாறிற்று என்பதே நமக்கு வேண்டுவது. அங்குப் பெயர்ந்தோர் தாமே விண்ணப்பித்தவர் என்பதையும் உடன் கருதுதல் வேண்டும்.

அவ்விருப்பம் இல்லாதவிடத்து நேர்வது யாது என்பதற்குச் சென்னையே சான்று. 1970-இல் குடிசை மாற்று வாரியம் அமைக்கப்பெற்றபோது, குடிசை இருந்த இடத்திலேயே மாடிவீடு கட்டுதல் அதன் கொள்கையாக இருந்தது. 1971-இல் எடுத்த கணக்கு நகரில் 1,202 குடிசைப் பகுதிகளைக் காட்டிற்று. 1977 முதல் உலக வங்கியின் துணையோடு வந்த திட்டங்கள், மனையும் அடிப்படை வசதியும் அளித்து மக்களே கட்டிக்கொள்ளச் செய்தன. 2000-ஐ ஒட்டிய காலந்தொட்டு இவ்விரண்டும் பின்னடைந்து, நகருக்கு வெளியே பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிப் பேரளவிலான அடுக்ககங்கள் எழுந்தன. கண்ணகி நகரில் மட்டும் 15,000-க்கு மேற்பட்ட வீடுகள். அடுத்துச் செம்மஞ்சேரி, அதன்பின் பெரும்பாக்கம். ஆற்றங்கரையிலும் கடற்கரையிலும் வாழ்ந்தோர் அங்குக் கொண்டுசெல்லப்பட்டனர். கூரை கிடைத்தது. பிழைப்பும் பள்ளியும் பழகிய முகங்களும் நெடுந்தொலைவுக்கு அப்பால் நின்றுவிட்டன.

நீதி கேட்டு அரசவை ஏறிய பெண்ணின் பெயரை இக்குடியிருப்புக்கு இட்டவர் நல்லெண்ணத்தோடுதான் இட்டிருப்பர். சில ஆண்டுகளில் அப்பெயர் முகவரியில் இருந்தாலே வேலை தர மறுக்கின்றனர் என இளைஞர் முறையிடும் நிலை வந்தது. காப்பியத் தலைவியின் பெயரும் ‘காலனி’ சென்ற வழியே செல்லலாயிற்று. 2021-இல் வாரியமே ‘நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்’ எனப் பெயர் மாறிற்று. கண்ணகி நகரின் பெயருக்கு ஒளி வந்தது வேறு திசையிலிருந்து. அங்கு வளர்ந்த கபடி வீராங்கனை ஒருவர் 2025-இல் ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடினார். அதன்பின் அவ்வூர்ப் பெயரைப் பலரும் உரக்கச் சொன்னார்கள்.

மீண்டும் திண்டிவனத்திற்கு வருவோம். இதுகாறும் கூறியவை பெயர் உள்ள இடங்களைப் பற்றியன. பெயரே இல்லாத இடங்களில் வாழ்வோரும் இவ்வட்டாரத்தில் உளர். அவர்களே இருளர். ஏரிக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் பிறர் நிலத்து மூலையிலும் நாலைந்து குடிசைகளாகச் சிதறி வாழ்ந்த இப்பழங்குடியினர்க்கு ஊரும் இல்லை, சேரியும் இல்லை, காலனியும் இல்லை. செங்கற்சூளை, மரவெட்டு ஆகிய பணிகளுக்கு முன்பணம் பெற்றுக் கொத்தடிமையராய்ச் சென்றால் அக்குடிசையும் வெற்றிடமாகும். களவு நிகழும்போதெல்லாம் ஐயம் இவர்கள்மேல் விழுந்தது. திண்டிவனத்தைச் சார்ந்த பேராசிரியர் பிரபா கல்விமணி முன்னின்று நடத்திய பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம், 1990-கள் முதல் சாதிச் சான்றும் மனைப்பட்டாவும் வேண்டிப் போராடி வருகின்றது. நிலையான முகவரி இல்லாதவனுக்குச் சான்று கிடைப்பது அரிது. சான்று இல்லாதவனுக்குப் பழங்குடியினர்க்குரிய உதவி எட்டுவதும் அரிது. இச்சுழலில் சிக்கியவரின் உளநிலையை ‘அச்சம்’ என்னும் ஒரு சொல்லால் குறித்துவிட இயலாது. தான் இருக்கின்றேன் என்பதற்கே எழுத்துச் சான்று இல்லாமை அது.

2023 நவம்பரில் நடுவண் அரசு தொடங்கிய, தொன்மைப் பழங்குடியினர்க்கான திட்டத்தில் இருளரும் அடங்குவர். வீடும் அதில் ஓர் உறுப்பு. தமிழ்நாட்டரசு 2024-இல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டம், 2030-க்குள் 8 இலட்சம் வீடுகளை, வீடொன்றுக்கு 3.50 இலட்ச ரூபாய் செலவில், 360 சதுர அடி அளவில் கட்ட முனைந்தது. சதுர அடி இவ்வளவு எனத் திட்டம் தெளிவாகக் கூறுகின்றது. அவ்வீடு எவர் பக்கத்தில் நிற்கும், எந்தச் சாலையை நோக்கும், அதன் வாயிலில் எப்பெயர் எழுதப்படும் என்பனவற்றுக்கு அதில் இடமில்லை. வீடு கட்ட மனையுரிமை வேண்டும் என்னும் முதல் நிபந்தனையின் முன்னே, திரமென்ஹீர் 1891-இல் எழுதிய அதே மனைக் கேள்வியோடு, ஏரிக்கரைக் குடிசைக்காரர் நிற்கின்றார்.